தாமிரபரணியின் மேல்பள்ளத்தாக்கில் இரண்டு நாள்: பாபநாசம் முதல் திருப்புடைமருதூர் வரை

கேள்வி இதுதான்: வயதான பெற்றோர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் திருநெல்வேலிக்கு வருகிறது. கையில் இரண்டு நாள். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பகுதியில் எவற்றைப் பார்க்கலாம், எந்த மாதம் வரலாம், எங்கே குளிக்கலாம்?

பெரும்பாலோர் இதற்கு அருவிகளின் பட்டியல் ஒன்றைத்தான் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பாதி நேரத்தை வண்டியிலும் மீதியைச் சோதனைச் சாவடியிலும் கழித்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே பத்து நிமிடம் தலையை நனைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பார்க்க வேண்டியது ஆறுதான். மலை, அணை, அருவி, படித்துறை, கால்வாய், மருத மரம், கொக்கு எல்லாம் அந்த ஒரே தண்ணீரின் போக்கில் வரிசையாக வருகின்றன. அதனால் பயணத்தையும் தண்ணீரை வைத்தே திட்டமிட வேண்டும். மேலே தொடங்கிக் கீழே இறங்குங்கள்.

முதலில் நில அமைப்பு. தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுவர்போல் நிற்கிறது. பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். அங்கிருந்து சமவெளிக்கு ஆறு மிகக் குறைந்த தொலைவில் இறங்கிவிடுவதால், அருவிகள் எல்லாம் பாபநாசத்தை ஒட்டியும் அதற்கு மேலேயும்தான் இருக்கின்றன. விக்கிரமசிங்கபுரம் தாண்டினால் வயல்வெளி. அம்பாசமுத்திரம் வட கரையிலும் கல்லிடைக்குறிச்சி தென் கரையிலும் இருக்கின்றன. ஆலடியூர் அருகே மணிமுத்தாறு வந்து சேர்கிறது, திருப்புடைமருதூரில் கடனாநதி. பாபநாசத்திலிருந்து திருப்புடைமருதூர் வரையிலான இந்தத் துண்டு இரண்டு நாளுக்குச் சரியான அளவு. குற்றாலத்தையும் களக்காட்டையும் இதில் சேர்க்காதீர்கள். அவை தனிப் பயணங்கள்.

எந்த மாதம்? இந்த ஆறு வற்றாமல் ஓடுவதற்குக் காரணம், இதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் மலைமேல் மழை, கீழே சாரலும் காற்றும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் மலையிலும் சமவெளியிலும் கொட்டும். வயலின் நிறமும் இதையொட்டியே மாறும். பாபநாசம் அணையை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள், எனவே ஜூலை, ஆகஸ்டில் நடவு முடிந்த பச்சை. பிசானம் என்னும் அடுத்த போக நெல்லை அக்டோபர், நவம்பரில் நட்டு பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். எனவே டிசம்பர், ஜனவரியில் மீண்டும் பச்சை. ஏப்ரல், மே மாதங்களில் வயல் தரிசாகக் கிடக்கும், ஆறு மெலிந்திருக்கும், மலை புகைமூட்டத்தில் மங்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஜனவரி இரண்டாம் பாதி முதல் பிப்ரவரி இறுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், அணைகளில் தண்ணீர் இருக்கும், வானம் தெளிந்து பொதிகை முழுதாகத் தெரியும், பறவைகளும் கூடு கட்டிக்கொண்டிருக்கும். சாரல்தான் வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள். ஆனால் அப்போது காலை ஒன்பது மணிக்கு மேல் மலை மேகத்துக்குள் போய்விடும், அருவியில் குளிக்கத் தடை விழும் வாய்ப்பும் உண்டு. நவம்பர், டிசம்பரை முதியோரோடு வரும் பயணத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையின்போது இந்த ஆறு கரைகளை என்ன செய்தது என்பதை ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் பாபநாசம் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. சித்திரை விசுவும் அப்படித்தான். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பல்லாயிரம் பேர் வந்து காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவார்கள், அந்த நாட்களில் வாகனப் போக்குவரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வரும். கோயிலுக்காக வருகிறவர்களுக்கு அது பெரிய நாள். ஆறும் காடும் பார்க்க வருகிறவர்கள் வேறு வாரம் வரலாம். முடிந்தால் சனி, ஞாயிற்றையும் விட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் அணை நிலவரம் வரும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. நீர்மட்டம் முழு உயரத்துக்குச் சில அடிகளே குறைவாக இருந்து, வரத்தும் ஆயிரக்கணக்கான கன அடியில் இருந்தால், எந்த நேரத்திலும் உபரி நீரைத் திறப்பார்கள். அன்றைக்கு ஆற்றில் இறங்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 3,000 கன அடி திறந்தால் வினாடிக்கு 85,000 லிட்டர் தண்ணீர் உங்கள் கால் பக்கம் வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மழைப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு என்ற இரண்டு பெயர்களையும் தேடுங்கள். மாஞ்சோலை மலையில் இருக்கும் இவை தமிழகத்தின் அதிக மழைப் பதிவுகளில் அடிக்கடி வரும் இடங்கள். அங்கே கனமழை என்றால் அம்பாசமுத்திரத்தில் வெயில் அடித்தாலும் மணிமுத்தாறு அருவி பெருகும்.

தங்குவதற்கு அம்பாசமுத்திரம் அல்லது விக்கிரமசிங்கபுரம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் சுமார் 35 கிலோமீட்டர். பாபநாசத்துக்கு நேர்ப் பேருந்துகள் நிறைய. திருநெல்வேலி – செங்கோட்டை ரயில் பாதையும் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகத்தான் போகிறது. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும். ஆனால் மலைப்பகுதியில் பெற்றோரோடு சுற்றுவதற்குக் கார் வேண்டும். பெட்ரோலை விக்கிரமசிங்கபுரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடிக்கு மேலே பங்க் கிடையாது. மேலே செல்பேசிக்கும் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

முதல் நாளை விடியற்காலையில் பாபநாசம் கோயில் படித்துறையில் தொடங்குங்கள். பள்ளத்தாக்கு மேற்கிலிருந்து கிழக்காக இறங்குகிறது, மலை மேற்கே இருக்கிறது. எனவே காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். மடிப்பு, பாறை, அருவிக் கோடு எல்லாம் அந்த நேரத்தில்தான் துலங்கும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே சீக்கிரமே இறங்கிவிடும், படத்தில் கறுப்பு உருவம் மட்டும் மிஞ்சும். மலையைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும்.

படித்துறையில் மீன்கள் கூட்டமாக வந்து கால்களை மொய்க்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். ஒரு கைப்பிடி பொரி போதும். பிஸ்கட், சிப்ஸ், பிரெட் போடாதீர்கள். படியின் கடைசி இரண்டு மூன்று கற்கள் பாசி பிடித்திருக்கும், அதற்கு அப்பால் ஆழம் சட்டென்று மாறும். முதியோர் இரும்புச் சங்கிலியோ கைப்பிடியோ உள்ள இடத்தில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதே நல்லது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இந்தப் படித்துறையை நாசமாக்கிக்கொண்டிருக்கிறது. செயற்கை இழைத் துணி மக்காது. பாறை இடுக்கில் சிக்கும், மேலே மணல் படியும், அடியில் தண்ணீர் நாறும், அதில் மீன் சாகும். குளிக்கிறவர்களின் காலைச் சுற்றி ஆளை உள்ளே இழுப்பதும் அந்தத் துணிதான். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் துணியை ஆற்றில் விடாதீர்கள். ஈரத் துணிக்கு ஒரு பை எடுத்து வாருங்கள்.

அடுத்து மேலே. பாபநாசத்தைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. இங்கிருந்து களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் தொடங்குகிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட இது தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். வண்டியைத் திறந்து சோதிப்பார்கள்: மது, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக், அருவியில் பயன்படுத்தும் சோப்பு, ஷாம்பு எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் புட்டிக்குப் பதில் எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுவந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். அடையாள அட்டை வைத்திருங்கள், நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறையும். எந்தப் பகுதி வரை அன்று அனுமதி, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், இருசக்கர வாகனம் போகலாமா என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். இணையத்தில் படித்ததைக் காட்டி வாதாடிப் பயனில்லை. சாவடியில் கேட்டு, அன்றைய நிலவரப்படி திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது அகத்தியர் அருவி. ஆண்டு முழுதும் தண்ணீர் விழும் அருவி இது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடை குறைவுதான், ஆனாலும் வழி ஈரமாக இருக்கும். சாவடி திறந்ததும் முதல் ஆளாக வந்துவிட்டால் ஒரு மணி நேரம் நிம்மதி, பத்து மணிக்கு மேல் வரிசை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களால் பாறை வழுக்கும். ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் பிடிக்காது. வெறுங்கால், இல்லையென்றால் பின்பக்கம் வார் வைத்த, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள சாண்டல். முதியோரை அருவி நேராக விழும் இடத்துக்குக் கீழே நிறுத்தாதீர்கள், ஓரத்தில் சிதறி விழும் தண்ணீர் போதும். அருவித் தண்ணீர் வேகமாகக் கழுத்திலும் காதிலும் விழும்போது தலைசுற்றல் வரும்.

அருவிக்கு மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். மேலே பார்க்க வேண்டியது பாறை. ஆறு கடினமான கருங்கல் பாறையைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அறுத்து இறங்குகிறது. வெள்ளத்தில் உருண்டு வரும் கூழாங்கல் ஒரு சிறு பள்ளத்தில் சிக்கிச் சுழன்று சுழன்று குடைந்துகொண்டே போய், கிணறுபோல் வட்டமான குழியாக்கிவிடும். சில குழிகளின் அடியில், குடைந்த அந்தக் கல்லே உருண்டையாகக் கிடப்பதைக் காணலாம். பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஆனால் ஓடும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் அதே குழிகள்தான் ஆளைக் கொல்கின்றன. மேலே முழங்கால் அளவு என்று தெரியும், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். இங்கே அதைக் கசம் என்பார்கள். விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் இந்த இடத்தில்தான், நீரில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். ஜூன் என்பதைக் கவனியுங்கள்: தென்மேற்குப் பருவம் தொடங்கி ஆறு ஏறும் மாதம். கல்யாண தீர்த்தத்தில் பார்க்கலாம், இறங்க வேண்டாம்.

தண்ணீர் ஏறப்போவதை ஆறு முன்கூட்டியே சொல்லும். தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். இரைச்சல் கனமாகும். பாறையில் சற்று முன் பார்த்த ஈரக்கோடு மறைந்திருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையையும் செருப்பையும் விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும். எந்தக் கரை பக்கமோ அதில் ஏறுங்கள். கார் நிற்கும் கரைக்குத்தான் போவேன் என்று ஆற்றைக் குறுக்கே கடக்கும்போதுதான் விபத்து நடக்கிறது. நடுப் பாறையில் மாட்டிக்கொண்டால் உயரமான இடத்தில் உட்கார்ந்து கூப்பிடுங்கள், குதிக்காதீர்கள். யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னால் பாயாமல் வேட்டி, சேலை, கயிறு எதையாவது எறிந்து கரையிலிருந்தே இழுங்கள். மழை பெய்யாத நாளிலும் இது நடக்கலாம். மேலே இரண்டு அணைகள் இருக்கின்றன, 1944 முதல் இயங்கும் பாபநாசம் நீர்மின் நிலையம் இருக்கிறது. மின் உற்பத்திக்காகவும் பாசனத்துக்காகவும் திறக்கும் அளவு மாறினால் ஆற்றின் மட்டமும் மாறும்.

அகத்தியர் அருவியிலிருந்து மேலே போகும் சாலை முண்டந்துறைக்கு ஏறுகிறது. தாமிரபரணியும் சேர்வலாறும் சூழ்ந்த மேட்டுநிலம் அது. சேர்வலாற்றுப் பாலத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வழியெங்கும் நாட்டுக் குரங்குகள் உணவுக்காக நிற்கும், மரத்தின் மேலே கறுப்பாகத் தெரிவது கருமந்தி. குரங்குக்குச் சோறு போடுவதால் அது சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது, கையிலிருப்பதைப் பறிக்கவும் பழகுகிறது. கண்ணாடியை ஏற்றி விடுங்கள், மடியில் தின்பண்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொரிமுத்து அய்யனார் கோயில் ஆற்றங்கரையில், மர நிழலில் இருக்கிறது. பெற்றோர் ஓய்வெடுக்க இந்த வழியில் இதைவிட நல்ல இடம் இல்லை. கரையில் ஆறு அகன்று பாறைகளுக்கு இடையே ஓடுகிறது. அனுமதித்திருக்கும் இடத்தில் மட்டும், முழங்கால் ஆழத்துக்குள் காலை நனைக்கலாம். கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தால் இங்கே சாப்பிடுங்கள், இலையையும் மிச்சத்தையும் திருப்பி எடுத்துப் போங்கள். அதற்கு மேலே காரையாறு அணை; பாபநாசம் அணை என்று நாளிதழில் வருவது இதுதான். அணையை ஒட்டிய பகுதிகளில் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அவை சுற்றுலா இடங்கள் அல்ல. அவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பாணதீர்த்தம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். காரையாறு நீர்த்தேக்கத்தின் மேல்கோடியில் விழும் பெரிய அருவி அது. முன்பு படகில் அழைத்துப் போனார்கள், அது நிறுத்தப்பட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. “படகு இருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன்” என்று யாராவது வந்தால் சாவடியில் உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். பொதிகை உச்சிக்கும் தமிழகப் பக்கத்திலிருந்து பொதுமக்களுக்கு வழி இல்லை. ஏற விரும்புகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தில் கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்து போனக்காடு வழியாகப் போக வேண்டும். அது நல்ல உடல்பலம் உள்ளவர்களுக்கான மூன்று நாள் நடை. உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பயணத்தில் அது பொருந்தாது.

மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள். மாலையில் யானை சாலையைக் கடக்கும். முன்னே யானை நின்றால் ஒலிப்பான் அடிக்காமல், விளக்கை மாற்றி மாற்றிப் போடாமல், தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். படம் எடுக்க வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

முதல் நாள் மாலைக்கு நான் வைத்திருப்பது யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று: அணைக்கட்டும் கால்வாய்க் கரையும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. ஆற்றின் போக்கைத் தடுக்காமல், தாழ்வான கல் அணையைக் குறுக்கே கிடத்தி, மட்டத்தை மட்டும் சற்று உயர்த்தி, ஓரத்து மடை வழியாகக் கால்வாய்க்குத் தண்ணீரைத் திருப்பும் ஏற்பாடு இது. மிச்சத் தண்ணீர் அணைமேல் வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போய்விடும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் நடந்தால் ஒரு பக்கம் வயல், மறு பக்கம் ஓடும் தண்ணீர், பின்னால் மலை. சமதளம், பெற்றோரும் நடக்கலாம். பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் மட்டுமே இது அழகு, அடைத்திருக்கும்போது வெறும் வாய்க்கால்தான். அணைக்கட்டின்மேல் நடக்காதீர்கள். அதன் கீழ்ப்பக்கம் வழிந்து விழும் நீர் சுருண்டு திரும்பும், நீச்சல் தெரிந்தவரையும் அந்தச் சுருள் வெளியே விடாது. மணல் அள்ளிய குழிகளும் ஆற்றுக்குள் ஆங்காங்கே கிடக்கின்றன, மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இரண்டாம் நாள் காலை மணிமுத்தாறு. அணை 1950களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. நீளமான மண் அணை, எதிரே விரிந்த நீர்த்தேக்கம், பின்னால் மலை. காலை ஏழரை மணிக்குள் வந்தால் தண்ணீரில் மலையின் நிழல் அசையாமல் கிடக்கும், காற்று எழுந்ததும் அது போய்விடும். அணையிலிருந்து காட்டுக்குள் சில கிலோமீட்டர் போனால் அருவி. இங்கேயும் சாவடி, சோதனை, கட்டணம். அருவிக்குச் சாலையிலிருந்து நடை குறைவு என்பதால் பெற்றோருக்கு ஏற்ற அருவி இதுவே. உயரம் பெரிதில்லை. ஆனால் கீழே உள்ள தடாகம் மிக ஆழமானது, அதில் நீந்தக் கூடாது. கம்பி கட்டி விட்டிருக்கும் பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். முந்தைய இரவு ஊத்திலோ நாலுமுக்கிலோ மழை என்றால் குளிக்கத் தடை விதித்திருப்பார்கள், பார்க்க மட்டும் விடுவார்கள். அந்த நாளில் அருவி பார்ப்பதற்கு இன்னும் சிறப்பு, ஏமாற்றமாக நினைக்காதீர்கள்.

அருவிக்கு மேலே சாலை கொண்டையூசி வளைவுகளில் மாஞ்சோலைக்கு ஏறுகிறது: மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை பயிரிட்டார்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்த தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது 2024இல் பெரும் வழக்கானது. கூலி உயர்வும் உரிமையும் கேட்டு அவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், காவல்துறைத் தடியடியின்போது இதே தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். மாஞ்சோலையின் பச்சையைப் பார்க்கிறவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். மேலே செல்ல அம்பாசமுத்திரத்தில் உள்ள புலிகள் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் முன்அனுமதி கேட்க வேண்டும். நாளொன்றுக்குச் சில வண்டிகளுக்கே அனுமதி கிடைக்கும், முழுதும் நிறுத்திவைக்கும் காலமும் உண்டு. கிடைத்தாலும், சாலை மோசம், வளைவு அதிகம், ஏறி இறங்க ஒரு முழு நாள் போய்விடும். வாந்தி வரும் பிள்ளைகளோடும் முதுகுவலி உள்ள பெற்றோரோடும் இரண்டு நாள் பயணத்தில் இதை நுழைக்காதீர்கள். தனியாக வந்தால், மழைக்காலத்தில் அட்டைக்காகக் காலுறைமேல் உப்போ சுண்ணாம்போ தடவிக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிய்க்காமல் உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழும்.

மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். கோயில்கள் அந்த நேரத்தில் நடை சாத்தியிருக்கும், வெயிலும் சுடும். அப்பளம் வாங்க வேண்டும் என்றால் கல்லிடைக்குறிச்சியில் இந்த நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

நான்கு மணிக்குத் திருப்புடைமருதூரில் இருக்க வேண்டும். வீரவநல்லூரிலிருந்து பிரியும் சாலையில் சில கிலோமீட்டர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம் இது. ஆறு இங்கே அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. கரையில் பெரிய மருத மரங்கள். இவற்றிலும் ஊருக்குள் நிற்கும் மரங்களிலும் கொக்கு, நாரை, நீர்க்காகம் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் தலைமுறைகளாகப் பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்ததன் பலனாக, 2005இல் இந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மேலே இருக்கும் எந்த அருவியையும்விட இந்தத் துறையை நான் உயர்வாக வைப்பேன். இங்கே ஊரும் ஆறும் பறவையும் ஒன்றாக வாழ்வதைக் கண்ணால் காணலாம்.

ஐந்தே கால் மணியிலிருந்து இருட்டும் வரை பறவைகள் வயலிலிருந்தும் குளங்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். மரத்துக்கு நேர் அடியில் நிற்காதீர்கள், எச்சம் விழும். கூட்டை அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டால் தாய்ப் பறவை எழும், அந்த நேரம் பார்த்துக் காகம் முட்டையைக் கவ்வும். இருபது, முப்பது மீட்டர் தள்ளி, மரத்தை ஓரமாகப் பார்க்கும்படி உட்காருங்கள். 8x40 அளவு இருகண் நோக்கி ஒன்று இருந்தால் பிள்ளைகள் அசையாமல் இருப்பார்கள். ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், பிள்ளைகளுக்கு ஆர்வமிருந்தால் அந்த நாட்களை ஒட்டி வரலாம். நீர்நாய் இந்த ஆற்றில் உண்டு. கரைப் பாறையில் மீன் செதிலோடு கூடிய எச்சம் கிடந்தால் அது வந்து போனதன் அடையாளம். நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம்தான்.

நாறும்பூநாதர் கோயிலையும் விடாதீர்கள். தலமரம் மருதம். ஐந்து நிலைக் கோபுரத்தின் உள்நிலைகளில் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் உள்ளன. மேலே ஏற எப்போதும் விடுவதில்லை, கோயில் அலுவலகத்தில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். படிகள் குறுகல், இருட்டு. ஓவியத்தைத் தொடக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது.

மழையாலோ வனத்துறை உத்தரவாலோ இரண்டு சாவடிகளும் மூடியிருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். அப்போது ஆழ்வார்குறிச்சி வழியாகச் சிவசைலம் போங்கள். மேற்கு பார்த்த சிவன் கோயில், அருகே 85 அடி உயரக் கடனாநதி அணை, மலையடிவாரக் கிராமச் சாலை. கூட்டம் அதிகமிருக்காது. அங்கிருந்து அத்ரி மலைக்கு ஏறும் பாதைக்கும் வனத்துறை அனுமதி தேவை, மழை நாளில் நடுவே உள்ள ஓடைகள் பெருகும் என்பதால் அதை அன்று நினைக்க வேண்டாம். மீதி நேரத்தைப் பாபநாசம் படித்துறைக்கும் திருப்புடைமருதூருக்கும் கொடுங்கள். இரண்டுக்கும் சாவடி கிடையாது. திரும்பும் வழியில் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் பத்தமடை வரும். ஆற்றுப்படுகைக் கோரையில் நெய்த பாயை அங்கே தறியிலேயே பார்த்து வாங்கலாம். மெல்லிய பட்டுப்பாய் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதை நெய்ய நாள் பிடிக்கும்.